தண்டனை பத்தாதாம்

மறைச்சுப் பேசுற பழக்கமே எனக்குக் கிடையாது மதினி. பஸ்ஸை விட்டு எறங்கி இந்தத் தெரு முக்கு வர்றதுக்குள்ள நாலு பேராச்சும் உங்க காதுல ஓதியிருப்பாக. சீனியம்மா மகனுக்கா பொண்ணு குடுக்கப் போறீகன்னு கேட்டிருப்பாக. கேக்கட்டும். அவுக சொல்லிக் கேக்கிறதை விட என் வாயால கேட்டுக்கோங்க. நடந்ததை நடந்தபடி சொல்லிருறேன். பெறகு சம்பந்தி ஆனதுக்கு அப்புறம், இதைச் சொல்லலையே அதைச் சொல்லலையேன்னு நீங்க என்மேல குறைபட்டுக்கக் கூடாது பாருங்க.

நல்லா உக்காருங்க. இங்கிட்டு, ஃபேனுக்கு நேரா. அவன் சாத்தூருக்கு லோடு எறக்கப் போயிருக்கான். வந்துருவான்.

என் மகன் வெயிலுமுத்து தங்கமான பய. குடிக்க மாட்டான்னு சொன்னா அது பொய். எந்த ஆம்பளை குடிக்காம இருக்கான்? ஆனா வேலைக்குப் போகாம ஒருநாள் வீட்ல மொடங்கினது கிடையாது. சொந்தமா குட்டியானை லோடு வண்டி வச்சு ஓட்டுறான். கோவம் ஒண்ணுதான் கொஞ்சம் சாஸ்தி. அது அவுக அப்பா வழி. அந்த வம்சத்துக்கே மூக்குக்கு மேல கோவம் வரும். வந்த வேகத்துல போயிரும். போனதுக்கு அப்புறம் பாத்தீகன்னா பச்சப்புள்ளை. பரோட்டா வாங்கிட்டு வருவான், சாப்பிடு தாயின்னு பக்கத்துல உக்காந்து ஊட்டி விடுவான். மாத்திரை போடு, கட்டுப் போடுன்னு அவனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான்.

மொதல்ல கட்டுனவ பேரு தங்கமாரி. சொந்தத்துலதான் எடுத்தோம். ஆளு லட்சணமா இருப்பா, குறை சொல்லக் கூடாது. வாய்தான் நீளம். ஏன் லேட்டு, யாரு கூட குடிச்ச, மேல கை வைக்காதன்னு ஒண்ணுக்கு ஒண்ணு பதில் பேசிக்கிட்டே இருப்பா. நானும் சொல்லிப் பாத்தேன். ஆம்பளை கை நீட்டுற நேரத்துல நீ கொல்லைப்பக்கம் போயிரு தாயி, நான் அப்படித்தான் ஒரு ஆயுசை ஓட்டுனேன்னு சொன்னேன். கேக்கலையே.

அன்னைக்கு மத்தியானம் பசியோட வந்தான் மதினி. வந்தவன் சோறு போடுங்கான். இவ அக்காகாரி கூட போன்ல பேசிக்கிட்டு இருக்கா. பேசிக்கிட்டே இருந்தவ, திரும்பிக்கூடப் பாக்காம, செத்த இருன்னு ஒத்த விரலைக் காமிக்கா. கட்டுன புருசனுக்கு விரலைக் காமிக்கலாமா, நீங்களே சொல்லுங்க. தேங்கா வெட்டுற அரிவா எறவாணத்துல சொருகியிருக்கும். எடுத்துட்டான். ரெண்டு விரல் போயிருச்சு. காதுல இருந்து தாடை வரைக்கும் ஒரு கீறல். கீறல்தான், தையல் போட்டாக. பேத்தி கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டா. கூப்பிட்டா வர மாட்டேங்கா. அக்கம்பக்கத்து ஆளுகதான் அவளைத் தூக்கிட்டு ஓடுனாக. நான் தரையைக் கழுவி விட்டேன். விளக்கேத்துற நேரமாகப் போகுது, வீட்டை அப்படியேவா போட்டு வைக்கிறது? அதுக்குப் போலீஸ்காரன் என்னை என்ன ஏச்சு ஏசினான் தெரியுமா. தடயத்தை அழிச்சிட்டேனாம். வீட்டைக் கழுவினது ஒரு குத்தமா?

நான் சாட்சியும் சொன்னேன். அவளாத்தான் அரிவாமணையில தடுக்கி விழுந்துட்டான்னு சொன்னேன். பெத்தவ வேற என்ன சொல்வா? ஆனா அந்த நீதிபதி நம்பலை. அவ மொகத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, பேனாவை மூடி வச்சுட்டாரு. குத்தவாளிதான்னு சொல்லிட்டாக.

இங்கதான் மதினி எங்க வக்கீலு தனுஷ்கோடியோட சாமர்த்தியத்தைப் பாக்கணும். குத்தவாளின்னு சொன்ன கையோட தண்டனையைச் சொல்லிர மாட்டாகளாம். தண்டனையைப் பத்தி நீ என்னப்பா சொல்றேன்னு கூண்டுல நிக்கவன்கிட்ட ஒரு வார்த்தை கேப்பாகளாம். அந்த நேரத்துல நீதிபதி கண்ணுக்கு என்ன தெரியுதோ அதுதான் தீர்ப்புன்னாரு. வக்கீல் என்னைத் தனியாக் கூப்பிட்டு, கம்மலைக் கழட்டுங்கம்மா, இந்தச் சேலை வேணாம், வெளுத்துப்போன வெள்ளைச் சேலையாக் கட்டுங்க, செருப்பை வெளிய விடுங்க, வெத்தலை போட்டுட்டு வந்துறாதீகன்னு ஒவ்வொண்ணாச் சொன்னாரு. எந்தத் தூண் பக்கத்துல நிக்கணும்னு காமிச்சாரு. அங்க நின்னாத்தான் நீதிபதி நிமிந்தா நேராத் தெரியுமாம்.

நின்னேன். இவன் கூண்டுல இருந்து, எங்கம்மாவுக்கு என்னை விட்டா யாருமில்லை அய்யான்னு சொன்னான் பாருங்க, நான் உடைஞ்சு போயிட்டேன். வக்கீல் சொல்லிக் குடுத்த அழுகை இல்லை மதினி, நெசமாவே வந்துச்சு. அப்படியே தூணைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். கோர்ட்டே திரும்பிப் பாத்துச்சு. இளகின மனுசன் அந்த நீதிபதி, நல்லாயிருக்கணும். வயதான தாயாருக்கு இவரே ஒரே ஆதரவு, இளம் வயது, திருந்தி வாழ வாய்ப்புக் கொடுக்கணும்னு எழுதி மூணு வருசம் போட்டாரு. உள்ள இருந்த நாளையும் கழிச்சுக்கச் சொல்லிட்டாரு. பத்து வருசம் போட்டிருக்க வேண்டிய கேசும்மா, உங்க கண்ணீர்தான் கொறைச்சதுன்னு வக்கீல் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. தங்கமாரி தகப்பன் சங்கையா அங்கேயே ஓரத்துல நின்னு என்னைப் பாத்துக்கிட்டே இருந்தான். நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

அவன் உள்ள இருந்த நாள்ல நான் பட்ட பாட்டைக் கேட்டீகன்னா கல்லும் கரையும். வீட்ல ஒரு சத்தம் கிடையாது. ராத்திரி படுத்தா விடிஞ்சுதான் முழிப்புத் தட்டும், அம்புட்டு அசதி. கோழி வளத்தேன். சும்மா இருக்க முடியலைன்னு பக்கத்து வீட்டுப் பொம்பளைகளோட சேந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன். பேசிச் சிரிச்சுக்கிட்டே போவோம், சிரிச்சுக்கிட்டே வருவோம், உள்ளுக்குள்ள துக்கந்தான். சாயங்காலமானா எல்லாரும் இங்க வந்து உக்காந்துதான் டிவி பாப்பாக. உடம்பு கூட ஒரு சுத்துப் பெருத்துருச்சு. டாக்டரம்மா நல்லாயிருக்கீகளே பாட்டின்னு சொன்னாக. நல்லாயிருக்கேனாம். கவலையில வீங்கினது அவுகளுக்கு எங்க தெரியப் போகுது.

பெறகு வந்தான். தெருவே கதவைச் சாத்திக்கிச்சு. இப்ப ஒருத்தியும் இந்த வாசப்படி மிதிக்கிறது கிடையாது. பொறாமை பிடிச்ச சனம். தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகக்கூடாதுன்னுட்டான். எங்கம்மா எதுக்கு வேலைக்குப் போகணும்ங்கிறான், அம்புட்டுப் பாசம். கோழி சத்தம் ஆகாது அவனுக்கு. ஒரே நாள்ல எல்லாத்தையும் திருகிப் போட்டுட்டான். கொழம்பு வச்சேன், என்ன செய்ய.

இந்தக் கையைத்தானே பாக்கீக? நீங்க வந்ததுல இருந்து பாக்கீகன்னு தெரியும். கஞ்சி ஆறிப்போச்சுன்னு ஒரு தள்ளு தள்ளிவிட்டான், அம்மிமேல விழுந்தேன், கை முட்டு வெலகிருச்சு. தள்ளிவிட்டதுதான் மதினி, அடிக்கலை. பெத்தவளை அடிக்கிற புள்ளை இல்லை அவன்.

எல்லாம் அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. அந்தச் சங்கையாவுக்குத்தான் பொறுக்கலை. மூணு வருசம் பத்தாதாம். என் மக காலம்பூரா அந்தக் கையோட கெடக்கணும், அவன் மூணு வருசத்துல வந்து தெருவுல வண்டி ஓட்டுவானான்னு கெளம்பிட்டான். அதுல பாருங்க, தண்டனையைக் கூட்டச் சொல்லி அவுகளா மேல்கோர்ட்டுக்குப் போக முடியாதாம். கவர்மெண்டு போனாத்தான் உண்டாம். நம்ம வக்கீலு நிம்மதியா இருந்தாரு. கவர்மெண்டு எங்கம்மா இதுக்கெல்லாம் மெனக்கெடப் போகுதுன்னாரு. அந்தக் கெழவன் என்ன செஞ்சான் தெரியுமா? மகளைக் கையோட கூட்டிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கியிருக்கான். கலெக்டர் ஆபீஸு, அரசாங்க வக்கீலு, எங்க போனாலும் அவ முந்தானையை வெலக்கி அந்தக் கையை எடுத்து மேசைமேல வைக்கிறது. மொகத்தைத் திருப்பிக் காமிக்கிறது. பெத்த மகளை இப்படியா ஊருக்கெல்லாம் காட்சி காமிப்பான் ஒரு மனுசன்? கூச்சநாச்சம் வேணாமா? நாமளும்தான் பெத்திருக்கோம்.

கடைசியில கவர்மெண்டு அப்பீல் போட்டுருச்சு. மதுரையில நடக்குது. இவன் ஆபத்தான ஆளு, வெளிய விடக்கூடாதுன்னு அரசாங்க வக்கீலு சொல்றாராம். என்னத்தைப் பெருசா செஞ்சுட்டான்? வெளிய வந்ததும் புள்ளை நெனப்பு வந்துச்சு, சங்கையா வீட்டுக்குப் பாக்கப் போனான். அவுக கதவைத் தெறக்கலை. கோவத்துல கதவை ரெண்டு வெட்டு வெட்டிட்டு வந்துட்டான். கதவைத்தானே வெட்டினான்? ஆளையா வெட்டினான்? அதையும் போட்டோ எடுத்துக் கோர்ட்ல குடுத்திருக்காக. இவன் உள்ள போனா இந்தத் தடவை பத்து வருசம்ங்காக. பத்து வருசம் அவன் இல்லாம இந்த வீட்ல நான் மட்டும் எப்படி மதினி இருப்பேன்?

என்னது? ஆமா, பழைய மாதிரிதான் இருக்கணும். கோழி, தீப்பெட்டி ஆபீஸுன்னு. நீங்க என்ன இப்படிக் கேக்கீக. பெத்தவ ஆசைப்படுற விசயமா அது?

நான் வக்கீல்கிட்ட போனேன். மறுபடியும் வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு வந்து நிக்கட்டுமான்னு கேட்டேன். அவரு சிரிச்சுட்டாரு. அம்மா, மதுரையில உங்களை வச்சு ஒண்ணும் நடக்காது, ரெண்டு நீதிபதி உக்காந்து விசாரிக்காக, அழுகையெல்லாம் பாத்துச் சலிச்சவுகன்னாரு. இவன் திருந்திட்டான், புதுசா ஒரு வாழ்க்கை ஆரம்பிச்சுட்டான்னு கண்ணுக்கு முன்னால தெரியணுமாம். ஒரு சின்னப் பொண்ணு கழுத்துல புதுத் தாலியோட, முடிஞ்சா வயித்தோட வந்து நின்னா, இந்தப் பொண்ணு என்ன பாவம் செஞ்சுதுன்னு நெனைப்பாகளாம். அடுத்த வாய்தா ஐப்பசிக்கு மேலதான். இப்ப ஆனி. ஆடி பொறந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது, ஆவணி வரைக்கும் காத்துக் கெடக்கணும். இந்த ஆனியிலேயே முடிச்சுட்டோம்னு வைங்க, கோர்ட்டு கூப்பிடுற நேரத்துல மாசமா இருப்பா. நான் கணக்குப் போட்டுத்தான் உங்களுக்கு ஆளனுப்பினேன்.

மொத சம்சாரத்தால வில்லங்கம் வருமோன்னு பயப்படாதீக. அத்துவிட்டாச்சு. அவளே கோர்ட்ல கேட்டு வாங்கிட்டா. வலது கையில பேனா புடிக்க முடியலைன்னு எடது கையாலேயே கையெழுத்துப் போட்டா, அம்புட்டு வீம்பு.

எத்தனையோ வீடு ஏறி எறங்கினேன் மதினி, அதையும் மறைக்கலை. தகப்பன் உள்ள வீடு, அண்ணந்தம்பி உள்ள வீடு எல்லாம் விசாரிச்சுட்டு ஒதுங்கிட்டாக. வக்கீலும் சொன்னாரு, கேக்கப் பாக்க ஆளு இல்லாத பொண்ணாப் பாருங்கம்மா, இன்னொரு சங்கையா வேணாம் நமக்குன்னு. அப்பத்தான் உங்க சண்முகக்கனி பேரு வந்துச்சு. தாயுமில்லை, தகப்பனுமில்லை. சித்தி நீங்களா இருக்கக் கண்டு இத்தனை வருசம் கஞ்சி ஊத்துனீக. மில்லு வேலைக்குப் போயி அதுவும் ஓடாத் தேயுது. உங்களுக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைக வரிசையா நிக்குதுல்ல, மூத்தது வழி விட்டாத்தானே. நகை நட்டு ஒண்ணும் வேணாம். கட்டுன சேலையோட அனுப்புங்க, நான் பாத்துக்கிறேன். மூணு விசயம் மட்டும் சொல்லி அனுப்புங்க. பதில் பேசக் கூடாது. சோறு சூடா இருக்கணும். அவன் வண்டிச் சத்தம் கேட்டா போனைக் கீழ வச்சுரணும். அப்படி இருந்துட்டா அவனை மாதிரி மாப்பிள்ளை ஏழு ஊர்ல தேடினாலும் கெடைக்காது.

பொண்ணுகிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்லணும்ங்கேன். சொல்ல வேணாம். எங்கிட்ட யாரு வந்து சொன்னா, வெயிலுமுத்து அப்பாவைப் பத்தி? தாலி ஏறுன அன்னைக்கு ராத்திரியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது அது தெரிய வேண்டிய நேரத்துல தெரிஞ்சுக்கும்.

என்ன மதினி, எந்திரிச்சுட்டீக? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா? வரும்போது சம்மதம்ங்கிற மொகத்தோடதானே வந்தீக. தரகர்கிட்டயும் அப்படித்தானே சொல்லியிருக்கீக. யோசிச்சுச் சொல்றேன்னா என்ன அர்த்தம்? யோசிக்க இதுல என்ன இருக்கு?

அய்யோ, வேணாம்னு மட்டும் சொல்லாதீக. அந்த வார்த்தையை இங்க வச்சுச் சொல்லாதீக. அவன் பொண்ணைப் பாத்துட்டான் மதினி. தரகர் குடுத்த போட்டோ அவன் போன்ல கெடக்கு. நேத்து ஷிப்ட் விடுற நேரத்துக்கு மில்லு வாசல்ல போயி நின்னு பாத்துட்டு வந்துட்டான். எந்த பஸ்ல ஏறுது, எங்க எறங்குது, உங்க வீட்டுக்கு எந்தச் சந்து வழியாப் போகுது எல்லாம் சொன்னான். பிடிச்சிருக்குன்னுட்டான். சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே சிரிச்சான். அவன் அப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா. அவனுக்குப் பிடிச்ச ஒண்ணை இல்லைன்னு நீங்க சொல்லிட்டுப் பஸ் ஏறிப் போயிருவீக. அதை அவன்கிட்ட யாரு சொல்றது? நானா?

என் மகன்தான். நான் பெத்ததுதான். ஆனா அவன் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நான் கொல்லைப்பக்கம் போயிருறேன் மதினி. யாருகிட்டயும் சொன்னதில்லை, உங்ககிட்ட சொல்றேன். இந்த வீட்ல அவன் கைக்கு எட்டுற தூரத்துல நான் ஒருத்திதான் இருக்கேன். உங்க பொண்ணு எளசு. ரெண்டு அடி தாங்குவா. எனக்கு இனிமே தெம்பு இல்லை. ஒரு பொம்பளை கஷ்டம் இன்னொரு பொம்பளைக்குத் தெரியாதா?

இந்தா, வண்டி வந்துருச்சு. உக்காருங்க. உக்காருங்கன்னா, நின்னுக்கிட்டு இருந்தா ஏன் கெளம்பிட்டாகன்னு கேப்பான். மொகத்தைத் தொடைச்சுக்கோங்க. அவன் சிரிச்சா நீங்களும் சிரிங்க.

வாய்யா, வா. இவுகதான் சண்முகக்கனியோட சித்தி. ரொம்ப நேரமா உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காக. எல்லாம் பேசி முடிச்சாச்சுப்பா. இந்த ஆனியிலேயே வச்சுக்கலாம்னுட்டாக. நான் எதுக்குய்யா பொய் சொல்லப் போறேன்? வேணும்னா அவுக வாயாலேயே கேட்டுக்கோ.

மதினி, அவன் உங்களைத்தான் கேக்கான். சொல்லுங்க.